கொரோனா பாசிட்டிவ் வந்தால்: ஐவர்மெக்டினா, பாக்ஸ்லோவிட்டா, வெறும் பாராசிட்டமாலா?

"அப்பாவுக்கு 68 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. வீட்டு டெஸ்ட்டில் ரெண்டு கோடு வந்திருச்சு. 2021-இல் வாங்கின ஐவர்மெக்டின் அட்டை பீரோவில் கிடக்கு. கொடுக்கலாமா?" இது கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த கேள்வி. புதுச்சேரி வில்லியனூரிலிருந்து 31 வயதுக்காரர் ஒருவர் இதையே வேறு மாதிரி கேட்டார்: "எனக்கு எந்த வியாதியும் இல்லை. பூச்சி மாத்திரைதானே, போட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்?"

2025 மே, ஜூனில் கொரோனா எண்ணிக்கை கொஞ்சம் ஏறியபோது இந்தக் கேள்விகள் மறுபடி வர ஆரம்பித்தன. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே மாத்திரை. ஆனால் அதைப் போடுவதால் நெல்லிக்குப்பத்துக்காரர் இழக்கக்கூடியது வேறு, வில்லியனூர்க்காரர் இழக்கக்கூடியது வேறு. அதனால் மருந்துகளைப் பார்ப்பதற்கு முன், எதை வைத்து எடை போடுகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வோம்.

## எடை போட எடுத்துக்கொண்ட அளவுகோல்கள்

முதலாவது, மருந்து மனிதர்களிடம் என்ன செய்தது என்பது. ஆய்வகத் தட்டில் என்ன செய்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ப்பது குறைந்ததா, இறப்பு குறைந்ததா? அதுவும், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெற்று மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்த சோதனையில் குறைந்ததா? கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் எதைச் சாப்பிட்டாலும், எதையும் சாப்பிடாவிட்டாலும் தேறிவிடுகிறார்கள். ஆகவே "நான் போட்டேன், சரியாயிடுச்சு" என்பதை வைத்து எந்த மருந்தையும் பாராட்ட முடியாது, திட்டவும் முடியாது.

இரண்டாவது நாள் கணக்கு. வைரஸ் எதிர்ப்பு மருந்துகளுக்கு அறிகுறி தொடங்கிய முதல் சில நாட்கள்தான் நேரம். அதைத் தாண்டினால் மருந்து இருந்தும் பலன் குறைவு.

மூன்றாவது, ஏற்கெனவே தினமும் போடும் மாத்திரைகளோடு மோதுமா என்பது. நம் வீடுகளில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஒரு மாத்திரை டப்பா இருக்கும், அதனால் இதை ஒதுக்கிவிட முடியாது.

நான்காவது, பில்லில் வராத செலவு. அதை ஒவ்வொன்றிலும் பார்க்கலாம்.

## ஐவர்மெக்டின்

இந்த மாத்திரையைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜப்பானில் ஒரு மண் மாதிரியிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிர்தான் இதன் மூலம். அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பல் அதை மருந்தாக்கும் வேலையைச் செய்தார். 2015-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயை விரட்டியதில் பெரும் பங்கு இந்த மருந்துக்கு உண்டு. நமக்கும் இது அந்நியமில்லை. புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும், நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையமான வி.சி.ஆர்.சி. ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைப் பல சுற்று கொடுத்து, யானைக்கால் நோய்ப் புழு குறைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 2018 முதல் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற இரண்டு புழு மாத்திரைகளோடும் சேர்த்து இந்தியாவின் சில மாவட்டங்களில் இதைத் தருகிறார்கள். சொறி சிரங்குக்கும் தோல் டாக்டர்கள் எழுதுவது வழக்கம். புழுவுக்கும் பேனுக்கும் சிரங்குப் பூச்சிக்கும் இது அருமையான மருந்து.

கொரோனாவுக்குள் இது எப்படி வந்தது? 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் கொரோனா வைரஸை விட்டு, அதன்மேல் ஐவர்மெக்டினைச் சேர்த்தார்கள். 48 மணி நேரத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 5,000 மடங்கு குறைந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதே கட்டுரையில் இருந்த இன்னொரு எண் அவ்வளவாகப் பரவவில்லை. தட்டில் சேர்த்த செறிவு 5 மைக்ரோமோலார். 60 கிலோ எடையுள்ள ஒருவர் வழக்கமான 12 மி.கி. மாத்திரை போட்டால் ரத்தத்தில் உச்சமாகச் சேர்வது ஏறக்குறைய 0.05 மைக்ரோமோலார், அதாவது நூறில் ஒரு பங்கு. அதைவிடப் பத்து மடங்காக, 120 மி.கி. வரை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்றும் உண்டு. அதிலும் சராசரி உச்சம் 0.3-ஐத் தொடவில்லை. தட்டில் வைரஸைக் கொல்வதுதான் தகுதி என்றால் சோப்புத் தண்ணீரும் மருந்துதான்.

சரி, தட்டுக் கணக்கு தப்பாகவே இருக்கட்டும், மனிதர்களிடம் வேறு ஏதாவது வழியில் வேலை செய்திருக்கலாமே? அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் பெரிய சோதனைகள் நடந்தன.

பிரேசிலில் நடந்த டுகெதர் சோதனையில் 1,358 பேர், ஒவ்வொரு பக்கமும் 679 பேர். ஐவர்மெக்டின் எடுத்தவர்களில் 100 பேருக்கு ஆஸ்பத்திரியில் சேரவோ அவசரப் பிரிவில் நீண்ட நேரம் இருக்கவோ நேர்ந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 111 பேர். இறந்தவர்கள் 21, 24. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. 2022-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. அமெரிக்காவின் ஆக்டிவ்-6 சோதனையில் முதலில் மூன்று நாள் டோஸில் பார்த்தார்கள். "டோஸ் போதவில்லை" என்று ஆட்சேபம் வந்தது. கிலோவுக்கு 600 மைக்ரோகிராம் என்று ஏற்றி ஆறு நாள் கொடுத்தும் பார்த்தார்கள். குணமாக ஆன காலம் இரண்டு பக்கமும் 11 நாள்.

நமக்கு மிக நெருக்கமான சோதனை மலேசியாவில் நடந்தது. கடலூர்ப் பக்கத்தில் மலேசியாவில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. அதே வெயில், அதே சுகர், அதே பிரஷர். 50 வயதுக்கு மேல், கூடவே ஏதாவது ஒரு நோய் உள்ள 490 பேர். ஐந்து நாள் மருந்து. ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள் ஐவர்மெக்டின் பக்கம் 241 பேரில் 52, மறுபக்கம் 249 பேரில் 43. மருந்து எடுத்தவர்களில்தான் கூடுதல். ஐவர்மெக்டின் ஆதரவாளர்கள் இதே சோதனையில் இன்னொரு வரியைக் காட்டுவார்கள்: இறப்பு ஐவர்மெக்டின் பக்கம் 3, மறுபக்கம் 10. அதை மறைக்க வேண்டியதில்லை. இவ்வளவு சின்ன எண்களில் இந்த மாதிரி வித்தியாசம் தற்செயலாக வருவது சாதாரணம், புள்ளியியல் சோதனையிலும் அது தேறவில்லை. உண்மையிலேயே உயிர் காக்கும் மருந்தாக இருந்தால் பிரேசிலின் பெரிய எண்ணிக்கையில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். அங்கே தெரியவில்லை.

பிரிட்டனின் பிரின்சிபிள் சோதனையில் ஐவர்மெக்டின் எடுத்தவர்கள் இரண்டு நாள் போல முன்னதாகத் தேறியதாகச் சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் வெற்று மாத்திரை கிடையாது, யார் எதை எடுக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறையவில்லை, மாதங்கள் கழித்துப் பார்த்தபோது உடல்நிலையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடும் இல்லை.

அப்படியானால் 2020-இல் "90 சதவீதம் இறப்பு குறைந்தது" என்றெல்லாம் வந்தது எங்கிருந்து? அந்தக் கணக்கைத் தூக்கிப் பிடித்ததில் எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வுக்குப் பெரும் பங்கு. லண்டனில் படித்த ஒரு மருத்துவ மாணவர் அதன் தரவுகளைத் தோண்டியபோது குளறுபடிகள் வெளிவந்தன. 2021 ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள். அதையும் மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் போட்ட கூட்டுக் கணக்குகளெல்லாம் அதோடு சரிந்தன.

அப்புறம் உத்தரப் பிரதேசக் கதை. "அங்கே எல்லோருக்கும் கொடுத்தார்கள், அலை இறங்கிவிட்டது." தமிழ்நாட்டில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு சிகிச்சை நெறிமுறையில் ஐவர்மெக்டின் சில நாள் இருந்தது, மாத நடுவில் நீக்கினார்கள். மே 21-ஆம் தேதி ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று, அதுதான் உச்சம். அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. ஐவர்மெக்டினை நிறுத்தியதால்தான் அலை இறங்கியது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். அதே சிரிப்பு உத்தரப் பிரதேசக் கதைக்கும் பொருந்தும். டெல்டா அலை மருந்து கொடுத்த மாநிலத்திலும் இறங்கியது, கொடுக்காத மாநிலத்திலும் இறங்கியது.

மத்திய அரசின் பக்கம் எய்ம்ஸ், ஐ.சி.எம்.ஆர். குழு 2021 ஏப்ரலில் இதை "கொடுக்கலாம்" வரிசையில் வைத்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எடுத்துவிட்டது. பலருக்கு முதல் செய்தி போய்ச் சேர்ந்தது, இரண்டாவது போய்ச் சேரவில்லை. பீரோவில் அட்டை தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே தெரியாத செலவு. மாத்திரை விலை குறைவு. பெரிய செலவு நாட்கள்தான். "மருந்து போட்டாச்சு, பார்ப்போம்" என்று மூன்று நாள், ஐந்து நாள் ஓடிவிடும். 31 வயதுக்காரருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. 68 வயது சுகர்காரருக்கு, நிஜமாக வேலை செய்யும் மருந்தைத் தொடங்க வேண்டிய நாட்களே அவைதான். வழக்கமான அளவில் பக்க விளைவு குறைவு என்பது உண்மை, வயிற்றுப்போக்கு வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவர்களுக்கு ரத்தம் இன்னும் இளகிவிட்டதாகப் பதிவுகள் உண்டு. அளவு கூடினால் நரம்பில் காட்டும்: தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு. கிராமத்துப் பக்கம் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தும் கிடைக்கும். அது ஒரு மில்லியில் 10 மி.கி., 50 கிலோ மாட்டு எடைக்கு ஒரு மில்லி என்று வைத்த கணக்கு. அதை மனிதர் வாயில் ஊற்றிப் பார்க்கும் விஷயமே வேண்டாம்.

எப்போது இதுவே சரியான மருந்து? உண்டு, ஓர் இடம் உண்டு. அதைக் கீழே ஸ்டீராய்டு பற்றிச் சொல்லும்போது பார்ப்போம், கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

## பாராசிட்டமால், தண்ணீர், ஆக்ஸிமீட்டர்

"ஒண்ணும் பண்ணாம இருக்கச் சொல்றீங்களா?" என்று கோபம் வரும் இடம் இது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் கவனித்துக்கொண்டு இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கஞ்சி, மோர், ரசம், தூக்கம். தினமும் காலை மாலை விரலில் ஆக்ஸிமீட்டர். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலாக இருக்கட்டும், கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். 94-க்குக் கீழே நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டாலோ கிளம்ப வேண்டியதுதான்.

இது "மருந்தே இல்லாத" வழி என்பதால் சோதனைகளில் தோற்றுப்போன வழி என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளிலும் ஐவர்மெக்டின் எடுக்காத பக்கம் இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இதுதான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தேறினார்கள், அதுவும் பிரேசில், மலேசியா சோதனைகள் நடந்த கடுமையான அலைகளின் காலத்தில். இன்று தடுப்பூசியும் முந்தைய தொற்றும் கொடுத்த எதிர்ப்பு எல்லோர் உடம்பிலும் கொஞ்சமாவது இருக்கிறது.

செலவு என்றால் பொறுமை. வீட்டில் பெரியவர்கள் "டாக்டர் மாத்திரையே எழுதலையா?" என்று கேட்பதைத் தாங்க வேண்டும். பாராசிட்டமாலிலும் எல்லை இருக்கிறது: பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தினமும் குடிப்பவர்கள் அதற்கு வெகு முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று தனித்தனியாக வாங்குபவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

யாருக்கு இதுவே போதும்? அறுபதுக்குக் கீழே, வேறு நோய் இல்லை, மூச்சு சரியாக இருக்கிறது என்றால் இதுதான். வில்லியனூர்க்காரருக்கு என் பதில் இது. அஸித்ரோமைசின், டாக்சிசைக்ளின் என்று 2021-இல் கொரோனா மருந்து "கிட்"டில் வந்தவையும் வேண்டாம். அவை பாக்டீரியாவுக்கான மருந்துகள், பிரிட்டனின் பெரிய சோதனைகளில் கொரோனாவுக்குப் பலன் காட்டவில்லை. கபசுரக் குடிநீரை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. இறப்பையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் அளந்த இத்தனை பெரிய சோதனைகளோடு நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு அதன் ஆய்வுகள் இல்லை.

## பாக்ஸ்லோவிட்

நிர்மட்ரெல்விர், ரிட்டோனவிர் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து ஐந்து நாள் போடும் மருந்து. முதலாவது வைரஸ் பெருகத் தேவையான ஒரு நொதியை அடைக்கிறது. இரண்டாவது வைரஸைத் தொடுவதே இல்லை, முதலாவதைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடாமல் பிடித்து வைக்கிறது. ஐவர்மெக்டின் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதைக் கவனியுங்கள். ரத்தத்தில் போதுமான அளவு நிற்க வேண்டும் என்பதற்காகவே இங்கே இன்னொரு மருந்தைக் கூடச் சேர்க்கிறார்கள்.

தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த சோதனையில், ஐந்து நாளுக்குள் தொடங்கிய 1,039 பேரில் 8 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 1,046 பேரில் 66. சோதனையில் நேர்ந்த 13 இறப்புகளும் வெற்று மாத்திரைப் பக்கமே. வித்தியாசம் இருந்தால் இப்படிக் கண்ணில் குத்துவது போலத் தெரியும், 100-க்கு 111 என்று தேட வேண்டியிருக்காது.

ஆனால் எல்லோருக்கும் இது கிடையாது. தடுப்பூசி போட்டவர்களையும், ஆபத்து குறைந்தவர்களையும் வைத்து நடத்திய அடுத்த சோதனையில் அறிகுறிகள் சீக்கிரம் போகவில்லை. 31 வயதில் இதை வாங்கிப் போடுவது காசைத் தண்ணீரில் போடுவது.

வெளியே தெரியாத செலவு இங்கே பெரியது. இந்தியாவில் உள்ளூர் நிறுவனங்களும் இதைத் தயாரிக்கின்றன, ஆனாலும் ஒரு கோர்ஸ் ஆயிரங்களில்தான் வரும், தெருமுனை மெடிக்கலில் இருக்காது. கடலூரில் தேடி, இல்லை என்று புதுச்சேரிக்கு ஆள் அனுப்பி வாங்குவதற்குள் ஒன்றிரண்டு நாள் போய்விடும், இருப்பதே ஐந்து நாள்தான். வீட்டில் வயதானவர் இருந்தால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எந்தக் கடையில் கிடைக்கும், எந்த டாக்டர் எழுதுவார் என்று விசாரித்து வைத்துக்கொள்வது உதவும்.

அடுத்தது மாத்திரை மோதல். ரிட்டோனவிர் கல்லீரலைப் பிடித்து வைப்பதால் மற்ற மாத்திரைகளும் உடம்பில் தேங்கும். கொழுப்புக்குப் போடும் அடோர்வாஸ்டாட்டினைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். பிரஷருக்கு அம்லோடிபின் போடுபவர்களுக்கு ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கலாம். ஸ்டென்ட் வைத்துக் க்ளோபிடோக்ரெல் போடுபவர்களுக்கு அதன் வேலை குறையலாம். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடோயின், டி.பி.க்கான ரிஃபாம்பிசின் இருந்தால் இது கூடாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே டாக்டரிடம் போகும்போது மாத்திரை டப்பாவையே கையோடு எடுத்துப் போங்கள். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்று சொல்வதால் யாருக்கும் உதவியில்லை.

நெல்லிக்குப்பத்து அப்பாவுக்கு முதலில் கேட்க வேண்டிய மருந்து இது. பீரோ அட்டையைத் தொடாமல், அன்றைக்கே டாக்டரிடம் "பாக்ஸ்லோவிட் ஒத்துவருமா?" என்று கேட்பது.

## மொல்னுபிராவிர்

2021 டிசம்பரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. ஐந்து நாளில் 40 கேப்ஸ்யூல். முதல் சோதனையில் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் இறப்பும் சேர்ந்து 9.7 சதவீதத்திலிருந்து 6.8-க்கு இறங்கியது. பிறகு பிரிட்டனில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம், பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்களிடம் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரு சதவீதம்தான். தேறுவது மட்டும் சில நாள் முன்னதாக. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. பாதுகாப்பு பற்றிய கவலையைச் சொல்லி ஐ.சி.எம்.ஆர். இதைத் தேசிய நெறிமுறையில் சேர்க்கவில்லை. பாக்ஸ்லோவிட் மோதுகிறது, கீழே வரும் ரெம்டெசிவிர் ஊசிக்கும் வழியில்லை என்ற வயதானவருக்கு டாக்டர் யோசித்து எழுதலாம், அவ்வளவே.

## ரெம்டெசிவிர் ஊசி

2021-இல் இதற்காக அலைந்த நினைவு பலருக்குக் கசப்பாக இருக்கும். அன்று பலர் ஓடியது ஆக்சிஜன் இறங்கிய பிறகு. ஆரம்பத்திலேயே, ஏழு நாளுக்குள், மூன்று நாள் நரம்பில் ஏற்றிப் பார்த்த சோதனையில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை 5.3 சதவீதத்திலிருந்து 0.7-க்கு வந்தது. மாத்திரை மோதல் உள்ள, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு நல்ல மாற்று. மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டும். காட்டுமன்னார்கோவிலிலிருந்து காய்ச்சலோடு மூன்று நாள் பயணம் என்பது சின்ன விஷயமில்லை, வண்டிச் செலவையும் கூட வருபவரின் நாள் கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

## ஸ்டீராய்டும் ஐவர்மெக்டினின் உண்மையான இடமும்

டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்த மருந்து. 2020-இல் பிரிட்டனின் ரிக்கவரி சோதனையில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிலோ 14-லிருந்து 17.8-க்கு ஏறியது, அதாவது கெடுதல் பக்கம் சாய்ந்தது. மலிவு என்பதால் வீட்டிலேயே இரண்டாம் நாளே வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். சுகர் எகிறும். 2021-இல் கருப்புப் பூஞ்சை ஏன் அப்படிப் பரவியது என்பதில் சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த கதை பெரும் பகுதி.

இங்கேதான் ஐவர்மெக்டின் வருகிறது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு மெல்லிய குடற்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியே நுழையும். உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, எந்தத் தொந்தரவும் காட்டாமல் பல ஆண்டுகள் தங்கும். வயலில் நாற்று நட்டவர், களிமண் மிதித்தவர், முந்திரிக்காட்டில் வேலை செய்தவர் யாருக்கும் இது இருக்கலாம். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைத் தணித்ததும் புழு கட்டவிழ்ந்து நுரையீரல் வரை பரவும், உயிருக்கே ஆபத்து. மலப் பரிசோதனையில் பல நேரம் தப்பிவிடும். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து.

2022-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கூட்டுக் கணக்கு, கொரோனா சோதனைகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தது. இந்தப் புழு அதிகமுள்ள இடங்களில் நடந்த சோதனைகளில்தான் ஐவர்மெக்டின் இறப்பைக் குறைத்தது போலத் தெரிந்தது. புழு குறைவான இடங்களில் அந்தப் பலன் காணவில்லை. மருந்து வைரஸைக் கொன்றதால் அல்ல, ஸ்டீராய்டு வாங்கியவர்களைப் புழுவிடமிருந்து காத்ததால் அந்தப் பலன் வந்திருக்கலாம் என்பதே அதன் விளக்கம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஆரம்பகால ஆய்வுகளில் சில ஏன் நல்லதாக வந்தன, பெரியவை ஏன் வரவில்லை என்பதற்கும் ஓரளவு விடை கிடைக்கிறது.

ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டீராய்டு தொடங்கும் நிலை வந்தால், "இவர் நாற்பது வருஷம் வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவர், புழுவுக்கு ஐவர்மெக்டின் கொடுக்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனையோ, சிதம்பரம் மருத்துவக் கல்லூரியோ, கோரிமேடு ஜிப்மரோ, கதிர்காமம் மருத்துவக் கல்லூரியோ, எங்கே என்றாலும் கேட்கத் தகுந்த கேள்வி.

## ஒரே பார்வையில்

| வழி | ஆஸ்பத்திரி, இறப்பு குறைந்ததா | எந்த நாளுக்குள் | மாத்திரை மோதல் | தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஐவர்மெக்டின் | இல்லை | பொருந்தாது | வார்ஃபரின் | முதல் ஐந்து நாளை வீணாக்கும் | புழு, சிரங்கு. ஸ்டீராய்டுக்கு முன் சிலருக்கு |
| பாராசிட்டமால், கவனிப்பு | ஒப்பீட்டின் அடிப்படையே இது | முதல் நாளிலிருந்து | அனேகமாக இல்லை | பொறுமை, ஆக்ஸிமீட்டர் | இளையவர், வேறு நோய் இல்லாதவர் |
| பாக்ஸ்லோவிட் | ஆபத்து உள்ளவர்களில் நன்றாகவே | 5 | நிறைய | விலை, தேடும் அலைச்சல் | முதியோர், நோயுள்ளோர் |
| மொல்னுபிராவிர் | தடுப்பூசி போட்டவர்களில் இல்லை | 5 | குறைவு | கர்ப்பிணிக்குக் கூடாது | வேறு வழி இல்லாதபோது |
| ரெம்டெசிவிர் | ஆம், ஆரம்பத்தில் கொடுத்தால் | 7 | குறைவு | மூன்று நாள் அலைச்சல் | பாக்ஸ்லோவிட் மோதும் முதியோர் |
| டெக்ஸாமெத்தசோன் | ஆக்சிஜன் தேவைப்பட்டால் ஆம் | ஆக்சிஜன் இறங்கிய பிறகு | சுகர் மருந்து அளவு மாறும் | வீட்டில் போட்டால் கெடுதல் | ஆஸ்பத்திரியில் மட்டும் |

இடையில் விழுபவர்கள் உண்டு: 45 வயது, சுகர் கட்டுப்பாட்டில், தடுப்பூசி போட்டவர். இவருக்குப் பாக்ஸ்லோவிட்டின் பலன் சோதனையில் கண்ட அளவு இருக்காது. நானாக இருந்தால் கவனிப்போடு நின்றுகொள்வேன், ஆனால் மூன்றாம் நாளுக்குள் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுவேன். சிறுநீரக மாற்று செய்தவர், கீமோ எடுப்பவர் என்றால் வயது எதுவானாலும் முதல் நாளே தங்கள் டாக்டரைக் கூப்பிட வேண்டும். சிறுநீரக மாற்றுக்காரர்கள் போடும் டாக்ரோலிமஸ் பாக்ஸ்லோவிட்டோடு மோசமாக மோதும், அதை அவர்களுடைய டாக்டர்தான் கையாள முடியும். கர்ப்பிணிகளும் தாங்களாக எதையும் வாங்கிப் போடாமல் முதல் நாளே காட்டுவது நல்லது.

## பீரோவில் கிடக்கும் அட்டை

2021-இல் வாங்கியது என்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள், அனேகமாகத் தாண்டியிருக்கும். தாண்டியிருந்தால் குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். தேதி இருந்தாலும் 15 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது இரவில் அரிப்பு, விரலிடுக்கில் சிரங்கு என்றால் தோல் டாக்டரிடம் காட்டும்போது இந்த அட்டையையும் எடுத்துப் போகலாம். எடைக்கு ஏற்ற அளவையும், இரண்டாவது டோஸ் எப்போது என்பதையும் அவர் சொல்வார். சிரங்கு என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்வார்கள், அதற்கு ஒரு அட்டை போதாது, புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.